ரே தீவில் மூன்று நாள்

அன்செல்ம் லாசாலின் விரல் பிரான்சு வரைபடத்தில் கடற்கரை ஓரமாகவே இறங்கி, பாலத்தைத் தாண்டி, ரே தீவின் மேல் போய் நின்றது.

"இங்கதான். மூணு நாள். துறைமுகத்துல சிப்பி, சாயங்காலம் சைக்கிள், கடைசி நாள் கலங்கரை விளக்கம்."

மனப்பாடம் செய்து ஒப்பித்ததுபோல் இருந்ததோ என்று அவருக்கே ஐயம் வந்தது. விரலை எடுக்கவில்லை. மனைவி ஒதில் முள்ளங்கித் தட்டையும் வெண்ணெயையும் நகர்த்தி வைத்தாள். தலை நிமிரவில்லை.

கோடைப் பயணம் கிளம்புமுன் பக்கத்து வீட்டாரைத் தோட்டத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு கோப்பை ஊற்றி, எங்கே போகிறோம் என்று சொல்வது அந்தத் தெருவின் வழக்கம். அழைக்காமலே இருந்திருக்கலாம். அழைக்காவிட்டால், லாசால் வீட்டில் என்ன கோளாறு என்று தெரு பேசும். மருந்துக்கடைப் பலகையில் மூன்று தலைமுறை நின்ற பெயர் அது. லிமோழ் நகரில் அந்தப் பெயரை யாரும் தணிந்த குரலில் சொன்னது கிடையாது.

பக்கத்து வீட்டு ரெஜிஸ், பேருந்து ஓட்டுபவன், சோம்பு மதுவில் தண்ணீரை விட்டபடி சீட்டியடித்தான்.

"ரே தீவா! முசியே, அங்க ஒரு காபி குடிக்கிற காசுல இங்க ஒரு கன்னுக்குட்டியே வாங்கிடலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மும் சிரித்தார்.

"பெனுவா இந்த வருஷமும் வரலியா? கனடாவுல அப்படி என்னதான் இருக்கு உங்க பிள்ளைக்கு?"

"வேலை" என்றார் அன்செல்ம்.

"சரி, அவன் வராட்டி என்ன, நாங்க வரோம்! எனக்கும் அந்த வாரம் லீவுதான். கூடாரம் இருக்கு. யோலாந்த், என்ன சொல்ற?"

அவனுடைய மனைவி யோலாந்த் வரைபடத்தின் மேல் அசையாமல் இருந்த அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்செல்ம் விரலை இன்னும் அழுத்தினார். இவர்கள் வந்துவிட்டால் போயிற்று. காலையில் எங்கே போகிறீர்கள், மாலைவரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். மூன்று ஆண்டுகளாகக் கட்டிக்காத்த மானம், ஒரு கூடாரக்காரன் முன் சரிந்து விழும்.

"கூப்பிட முடியாத நிலைமை, ரெஜிஸ். எங்க கல்யாண நாள். நாங்க ரெண்டு பேர் மட்டும்."

"கல்யாண நாள் அக்டோபர்ல இல்ல?" என்றாள் யோலாந்த். "போன தடவை நான்தானே பேரிக்காய் கேக் செஞ்சு கொண்டுவந்தேன்?"

ஒதிலின் கையிலிருந்த கத்தி தட்டில் மோதி ஒலித்தது.

யோலாந்த் அதற்குள் எழுந்துவிட்டாள். "ஐஸ் தீர்ந்துபோச்சு. நான் போய் எடுத்துட்டு வரேன்."

அவள் படியேறி உள்ளே போன பிறகுதான் அன்செல்முக்கு உறைத்தது. சமையலறைக்குப் போகும் வழியில்தான் இஸ்திரி மேசை. தோட்டத்தை ஒழுங்கு செய்வதிலேயே கருத்தாக இருந்தவர்கள் அதன்மேல் இருந்ததை எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள்.

நடையில் அவசரம் தெரியக்கூடாது. முதுகை நிமிர்த்திக்கொண்டே போனார்.

அவள் மேசையருகே நின்றிருந்தாள். ஒதில் காலையிலிருந்து தேய்த்து அடுக்கிய துணிகள். நெட்டையான, ஒல்லியான ஒருவனின் துணிகள். அன்செல்ம் குள்ளம், பருமன். பக்கத்தில் வாய் திறந்த கட்டம்போட்ட பை. யோலாந்தின் கையில், பின்கழுத்தில் தொப்பி வைத்துத் தைத்த சாம்பல்நிற மேலாடை.

"பெனுவாவுக்கு" என்றார். "கனடாவுக்கு அனுப்பணும். அங்க குளிர்."

அடுக்கின் உச்சியில் இரண்டு அரைக்கால் சட்டைகள் இருந்தன.

யோலாந்த் அவற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அடுக்கிலிருந்து ஒரு நீலச் சட்டையை உருவித் தனியே வைத்தாள்.

"நீலம் வேண்டாம் முசியே. காவலருங்க உடுப்பு நிறம், திருப்பிக் குடுத்துடுவாங்க. தொப்பி வச்சதையும் உள்ள விடமாட்டாங்க. வெட்டிட்டு, ஓரத்தை மடிச்சுத் தச்சுடுங்க."

அன்செல்ம் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ரே தீவில் சிப்பிக் கடைகளும் சைக்கிள்களும் மட்டும் இல்லை. பழைய கோட்டை மதிலுக்குள் ஒரு சிறையும் இருக்கிறது. நீண்ட தண்டனைக்காரர்களுக்கான சிறை. வரைபடத்தில் அவர் விரல் மறைத்துப் பிடித்திருந்தது அந்த இடத்தைத்தான்.

"உங்களுக்கு எப்படி…"

"என் அண்ணன் அங்க ஆறு வருஷம் இருந்தான்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ரெஜிஸுக்குத் தெரியாது."

சமையலறையிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். தோட்டத்திலிருந்து அவள் குரல், தெருவுக்கே கேட்கும்படி, வந்தது.

"ஏய் ரெஜிஸ், அந்த வாரம் உங்கம்மா வீட்டு வேலியை அடைக்கணும்னு நீதானே சொன்ன? தீவாம், கூடாரமாம்! மழை பெஞ்சா முதல்ல ஓடுற ஆளு!"

ரெஜிஸ் ஏதோ முனகினான். கோப்பைகளில் ஐஸ் விழும் ஓசை கேட்டது.

ஒதில் ஓடிவந்தாள். "பார்த்துட்டாளா?"

அன்செல்ம் மேலாடையைக் கையில் எடுத்தார். தொப்பியின் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தரிக்கோலை எங்க வச்சிருக்க?" என்றார்.