எல்லாம் எனக்குத்தான்

"இந்த வாரம் உடம்புக்கு என்னம்மா?"

டாக்டரம்மா கேட்டு வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது.

"இருமல். சாயங்காலமானா காய்ச்சல். ராத்திரி வேர்த்துக் கொட்டுது."

பக்கத்திலிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். போன வாரம் இதே அம்மாவுக்குச் சர்க்கரை. அதற்கு முன்னால் முழங்கால். அதற்கும் முன்னால் மாதவிலக்குக் கோளாறு. வயதோ அறுபதைத் தாண்டியாயிற்று! நர்ஸ் வைத்த பெயர் 'ஆல் இன் ஒன்'.

அவள் குடியிருந்த தெருவில் பெண்கள் எல்லோரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே என்னென்ன நோய் இருக்கிறது என்பதை அவர்களையே கூட வைத்துக்கொண்டு ஆராய வேண்டும், பிறகு அங்கேயே ஒரு மருத்துவமனை வர வேண்டும். டாக்டரம்மா இதில் ஒற்றைக்காலில் நின்றாள். மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதியும் வாங்கிவிட்டாள்.

ஆனால் அதற்காக வாரா வாரம் கூட்டிய கூட்டத்துக்கு வந்த பெண்கள் வாயைத் திறந்தால்தானே? "எங்களுக்கென்ன, நல்லா இருக்கோம்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேசியது ஆல் இன் ஒன் மட்டும்தான்.

"இப்படியே போனா இந்தத் தெருவுக்கு நோயே இல்லைன்னு நம்மளை மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டரம்மா விடவில்லை. எழுந்து நின்று பேசினாள்.

"யாரும் பயப்படாதீங்க. நோய் வந்தவங்களை ஒதுக்கறதை நாமதான் முதல்ல நிறுத்தணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆல் இன் ஒன் மட்டும் சளிப் பரிசோதனைக்கு டப்பா வாங்கிப் போனாள். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். எக்ஸ்ரேவும் எடுத்தார்கள்.

சளியில் காசநோய்க் கிருமி. எக்ஸ்ரேயில் நுரையீரல் படு சுத்தம்!

"யாரோட சளியையோ கொண்டு வந்து நம்ம தலையில மிளகாய் அரைக்கறா டாக்டர். கூட்டத்துல சேர்க்காதீங்க" என்று நர்ஸ் பொரிந்து தள்ளினாள். பிறகு மேஜையைப் பார்த்து, "இன்னிக்கும் பிரெட்தானா?" என்றாள்.

"சமையலம்மாவை நிறுத்திட்டேன். வேற ஆள் கிடைக்கல. அந்தம்மாவை உள்ள கூப்பிடு."

ஆல் இன் ஒன் வந்து உட்கார்ந்தாள்.

"இது யாரோட சளி?"

"என்னோடதுதான்."

"பொய் சொல்லாதீங்கம்மா. நீங்க இங்க வந்து ஒரு தடவைகூட இருமினதில்லை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சர்க்கரை கடைசி வீட்டுக்காரிக்கு. முழங்கால் எதிர் வீட்டுக்காரிக்கு. அவங்க சொன்னா வேலை போயிடும். வேலை போனா அடுப்பு எரியாது. நான் வேலைக்குப் போற காலம் முடிஞ்சு போச்சு. எனக்கு நோய்னா யாரு நிறுத்தப்போறாங்க? அதான் எல்லாத்தையும் எனக்குன்னு சொன்னேன்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா நாற்காலியை ஆல் இன் ஒன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"ஆனா இந்த இருமலை நீங்க வாங்கிக்க முடியாதும்மா. அவங்களேதான் மாசக்கணக்குல மருந்து சாப்பிடணும். விட்டா உயிருக்கே ஆபத்து. யாருன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. இருமறான்னு ஏற்கெனவே ஒரு வீட்ல வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"நானே அவங்க வீட்டுக்கு வந்து மருந்து குடுக்கறேன். வேலையும் திரும்ப வாங்கித் தர்றேன்."

"வேலைக்கு வச்சிருந்தவங்க ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்க வைக்கறேன்! என்ன ஏதுன்னு கேக்காம, ஒரு டாக்டர்கிட்டகூடக் காட்டாம, இருமினதுக்காக வேலையை விட்டு நிறுத்துவாங்களா? என்ன மனுஷங்க அவங்க? நேரா அவங்க வீட்டுக்கே போய், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

ஆல் இன் ஒன் தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ நீங்க ரொம்ப தூரம் அலைய வேணாம் டாக்டரம்மா. வீட்ல குழந்தை இருக்கு, இருமலோட வராதேன்னு போன மாசம் நீங்க நிறுத்தினீங்களே, அந்தச் சமையல்காரியோட சளிதான் இது."