ஜவாஹிரின் முதல் பொய்

கையில் பிரம்போடு லெட்சுமணன் கங்காணி வீட்டுக்கு வரும் குறுகலான ஒழுங்கைக்குள் திரும்புவதை ஜன்னல் சீலையை விலக்கி முதலில் கண்டவள் றம்லத்தான். அந்த மீசையைப் பார்த்தால் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் அழுகையைக்கூட நிறுத்திவிடும். பின்னால் கறுப்புக் கோட்டோடு கணக்கப்பிள்ளை வந்தார். அவருடைய இடது கன்னம் பணியாரம்போல் உப்பியிருந்தது.

"வந்துட்டாங்க!" என்று றம்லத் கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நல்லாக் கேளுங்க. அந்தப் புள்ள இஞ்ச இல்லண்டு செல்லுங்க. அவ்வளவுதான்."

ஜவாஹிருக்கு வியர்த்துக் கொட்டியது. புடவை மூட்டையோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் வியாபாரி அவர். "இந்தச் சாயம் மூணு தோச்சலுக்கு மேல நிக்காது" என்று தானே சொல்லிவிட்டுத்தான் சேலையை விரிப்பார். 1932இல் மடவளையில் பொய் பேசாத வியாபாரி என்று ஊர் அவர் ஒருவரைத்தான் சொன்னது.

குசினியில் அடுப்போரம் நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் பாலம்மா ஒடுங்கிக் கிடந்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கையைப் பிடித்து இழுத்த கணக்கப்பிள்ளையை அவள் முந்தாநாள் ஓங்கி அறைந்துவிட்டாள். தன் வெள்ளிச் சங்கிலியை அவள் திருடியதாக அவர் தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். அகப்பட்டால் மறியலில் அடைத்துவிடுவார்கள். மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தவள், "நாளைக்குக் கடுகண்ணாவையில சின்னம்மா வீட்டுக்குப் போயிருவேங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

"பொய் பொய்தானே றம்லத்? ஆளுக்கு ஆள் பாவம் மாறுமா?" என்றார் ஜவாஹிர்.

"அப்ப அவளப் புடிச்சுக் குடுக்கிறது நன்மையா?"

ஜவாஹிர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்பிடிப்பட்ட மனிசன்மார அல்லாஹ் என்னத்துக்குத்தான் படைச்சானோ…"

"அத மறுமையில கேளுங்க. இப்ப கதவத் தொறங்க!"

கதவு திறந்ததும் கணக்கப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். "பாலம்மான்னு ஒரு களவாணி. இந்தப் பக்கம் வந்தாளா?"

"இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகாத மனிதருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "மாத்தளை ரோட்டுல போறதக் கண்டேன். செவப்புச் சீல. கையில… ஒரு பலாப்பழம். பொறகால ஒரு ஆடும் பெய்த்திச்சி."

உள்ளே றம்லத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆடா?" கணக்கப்பிள்ளையின் கண் சுருங்கியது. "எதுக்கும் வீட்டுக்குள்ள ஒருக்காப் பாத்துருவோம்" என்று படியில் கால் வைத்தார்.

கங்காணியின் பிரம்பு குறுக்கே நீண்டது. "என்னங்கய்யா நீங்க! பொம்பளைங்க இருக்கிற வீடு. அதுவும் ஜவாஹிர் மொதலாளி வாயால இல்லன்னு சொன்ன பொறகு தேடுறதா? ஆட்ட இழுத்துக்கிட்டுப் போறவ ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டா. நடங்க!"

கணக்கப்பிள்ளை அரைமனதோடு திரும்பி பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார். கங்காணி மட்டும், "ஒரு வாய் தண்ணி குடுங்க மொதலாளி" என்று வாசலிலேயே நின்றார்.

ஜவாஹிர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பாதித் தண்ணீர் அவர் இடுப்புச் சாரத்திலேயே சிந்தியது. கங்காணி அண்ணாந்து குடித்து முடிக்கும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. நாற்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம் தொண்டையை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"கங்காணி, நான் சென்னது பொய்!"

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

கங்காணி மீசையைத் துடைத்துக்கொண்டு ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தார். கணக்கப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு முடக்கில் மறைந்துவிட்டது. பிறகு குனிந்து, ஜவாஹிரின் காதோடு சொன்னார்.

"தெரியும் மொதலாளி. நீங்க சொன்னாப் பொய்யையும் நம்புவாங்கன்னுதான், அவள நானே இங்க அனுப்பி வச்சேன்."