வெனி, அபுராத்தே

“முதியவர் ஒருவர் கீழே விழுந்துவிட்டார். கூட வேலை செய்யும் பெண்ணை அவசரமாகக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவீர்கள்?”

பெயாத்ரிஸ் இதை ஸ்பானிஷில் கேட்டார்.

“வெனி, அபுராத்தே!” என்றாள் சயந்தினி. வா, கெதியாய் வா.

பெயாத்ரிஸின் பேனா நின்றது.

ஃபேர்ஃபீல்ட் முதியோர் இல்லம் ஒன்றின் அலுவலக அறை அது. இல்லத்தில் இருந்த பதினான்கு பேர் முதுமையில் ஆங்கிலத்தை மறந்துபோய்த் தாய்மொழியான ஸ்பானிஷுக்குத் திரும்பியிருந்தார்கள். பாதிப் பேர் எல் சால்வடோர்காரர்கள். அவர்களுடன் பேசத் தெரிந்த பராமரிப்பாளர் தேவை. நிரந்தர வேலை. விடுப்புக்கும் சம்பளம் உண்டு.

சயந்தினி ஒன்பது வருடங்களாகக் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நிற்கிறாள். வேலை இருக்கும் நாளில் குறுஞ்செய்தி வரும். வராத நாளில் வீட்டில் இருக்க வேண்டும்.

பெயாத்ரிஸ் மத்ரித்தில் பிறந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மொழித் தேர்வுக்காக இல்லம் அவரை அழைத்திருந்தது. கெட்டவர் இல்லை. உள்ளே வந்ததும் சயந்தினிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

“வென், அபூரத்தே. அதுதான் ஸ்பானிஷ்” என்றார். “நீங்கள் சொல்வது வயல்காட்டுப் பேச்சு. சொற்களின் கடைசி எழுத்தையும் விழுங்கிவிடுகிறீர்கள். யார் சொல்லித் தந்தார்கள்?”

“டெல்மி” என்றாள் சயந்தினி.

பெயாத்ரிஸ் அது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டார்.

டெல்மி சால்வடோர்காரி. தொழிற்சாலையில் சயந்தினிக்கு அடுத்த இடத்தில் நிற்பவள். சயந்தினியிடம் ஆங்கிலமும் இல்லாத காலத்தில் கத்தி, தொடை, ஈரல், களைப்பு, முதலாளி என்று ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தவள். சயந்தினியின் மகள் பிறந்த அன்று பிரசவ அறையில் தாதியைப் பார்த்து “அபுராத்தே!” என்று கத்தியதும் அவள்தான். தாதி வியட்நாமியப் பெண். ஆனாலும் ஓடி வந்தாள்.

“மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. நான் சொன்னபடி ஒரே ஒரு முறை சொல்லுங்கள், தேர்ச்சி போட்டுவிடுகிறேன்” என்றார் பெயாத்ரிஸ்.

மேசையின் மறுபக்கம் இருந்த மேலாளர் மார்கரெட் முன்னால் குனிந்தார். கிள்ளான் தமிழர்; அங்கிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் எங்கே முட்டி நிற்கிறது என்பது புரிந்தது.

“ஒரு தடவதானே, சொல்லிருங்களேன்” என்றார் தமிழில். “அப்புறம் உள்ள போய் எப்படி வேணும்னாலும் பேசிக்குங்க. யாரு கேக்கப் போறா?”

சயந்தினிக்கு நாக்கு அந்தச் சொல்லுக்காக மடங்குவது தெரிந்தது. சுலபமான சொல். அழுத்தத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும்.

“ஏலாது, மார்கரெட்” என்றாள்.

பிறகு பெயாத்ரிஸ் பக்கம் திரும்பினாள். உள்ளே இருப்பவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள் என்றாள். விழுந்து கிடக்கும் மனிதருக்குத் தன் வீட்டுக் குரல்தான் கேட்க வேண்டும் என்றாள். எல்லாவற்றையும் டெல்மியின் ஸ்பானிஷில், கடைசி எழுத்துகளை விழுங்கியே சொன்னாள்.

பெயாத்ரிஸ் படிவத்தில் எழுதினார்: ‘பேசுவது முழுதும் புரிகிறது. திருத்தத்தை ஏற்க மறுக்கிறார்.’

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை இடைவேளையில் டெல்மி கொதித்தாள். கோபம் மத்ரித் மீது பாதி, சயந்தினி மீது பாதி.

“ஒரு சொல்! எனக்காகவா அதைச் சொல்லாமல் விட்டாய்? நானே சொல்லியிருப்பேனே!”

“உனக்காக இல்லை. அடுத்த முறை கூப்பிட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்.”

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாத ஒன்றை அவள் டெல்மியிடம் சொன்னாள்.

ஒன்பது வயதில் அம்மாவுடன் படகில் ஏறி மண்டபம் அகதிகள் முகாமுக்குப் போனது. பள்ளியில் ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரித்தது. ‘ஆமான்னு சொல்லு, ஒழுங்கா பேசு’ என்று டீச்சர் தலையில் குட்டியது. ஆறே மாதத்தில் அவள் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டது. டீச்சர் அவளுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தது.

அந்த வாரம்தான் ஊரிலேயே தங்கிவிட்ட அப்பா எப்படியோ கொழும்புக்கு வந்து, முகாமுக்கு எதிரே இருந்த கடைக்குத் தொலைபேசி எடுத்தார். மூன்று நிமிடங்கள்தான். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கடைக்காரர் கூப்பிட, சயந்தினி ஓடிப்போய் எடுத்தாள்.

சயந்தினி நிக்கிறாவோ என்று கேட்டார் அப்பா.

“ஆமா, நான்தான் பேசுறேன்” என்றாள்.

அந்த அழைப்புக்குப் பிறகு அப்பாவின் குரலை யாரும் கேட்கவில்லை. கடைசியாக அவர் சொன்னதை மட்டும் ஸ்பானிஷில் சொல்ல அவளால் முடியவில்லை. தமிழிலேயே சொன்னாள்.

“விளையாடாதேங்கோ பிள்ளை, நேரம் போகுது. என்ர மகளிட்டக் குடுங்கோ.”