கடைசித் தொட்டி

மொட்டுதான்.

குனிந்து பார்த்தான். குந்தி உட்கார்ந்து பார்த்தான். வரிசையில் கடைசித் தொட்டி. உச்சி இலைகளுக்கு நடுவே மிளகளவில், பச்சையாக, இறுக மூடியிருந்தது.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாமாகவே அதன் இருபுறமும் போய் நின்றன.

நகம் பட்டால் போதும்.

பட விடவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

வந்திருக்கக் கூடாது.

மனைவி இறந்துபோன ஆடியிலிருந்து பின்கதவுக்கு மேலே குண்டு பல்பு எரிகிறது. பொழுது சாய்ந்ததும் போடுவான். நன்றாக விடிந்த பிறகுதான் அணைப்பான். சாமந்திக்கு நீளமான இருட்டு வேண்டும். அது கிடைக்காதவரை இலையாக விட்டுக்கொண்டே இருக்கும், மொட்டு வைக்காது. ராயக்கோட்டை சாலையில் பூ விவசாயிகள் செய்வதுதான். பண்டிகை நெருங்கும்வரை பூவைத் தள்ளிப்போட வயல் முழுக்க பல்பு தொங்கவிட்டிருப்பார்கள்.

கல்யாணமான புதிதில் பைக்கில் அந்த வழியாகத் திரும்பும்போது அவன்தான் இதையெல்லாம் விளக்கினான். தாவரவியல் படித்தவன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"பாவம் அதுங்க. தூங்கவே விட மாட்டேங்கறாங்க."

இந்தக் கன்றுகளை அவள்தான் ஆபீஸ் தோழியிடம் வாங்கி வந்தாள். அவள்தான் நட்டாள். ஆடியில் ஒரு காலை, பக்கக் கிளை விடட்டும் என்று, ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளிவிட்டாள். விரல் நுனி பச்சையாகியிருந்தது. முகர்ந்து பார் என்று அவன் மூக்கருகே நீட்டினாள்.

என்ன நிறம் என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன். பூக்கட்டும், பாத்துக்கோ."

அந்த வாரமே காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் இவன்.

வெள்ளையா, மஞ்சளா, அந்தச் செங்கல் நிறமா. தோழியைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம்பர் இருக்கிறது. கேட்கவில்லை.

அவள் அவனிடம் சொல்லாமல் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதுவும் தெரிந்துவிட்டால், அவளிடமிருந்து இனி வர வேண்டியது எதுவுமில்லை.

அதனால்தான் பல்பு.

தெருவில் மற்ற வீட்டுச் சாமந்தியெல்லாம் கார்த்திகையில் பூத்து மார்கழியில் கருகிவிட்டது. இவன் வீட்டுச் செடிகள் மட்டும் இடுப்புயரம் வளர்ந்து, நிற்கத் தெரியாமல் சாய்ந்தன. குச்சி நட்டுக் கட்டினான். இன்னும் வளர்ந்தன. இன்னும் நீளக் குச்சி நட்டான்.

"என்ன தம்பி, காலங்காத்தால செடிகிட்ட ரகசியம்?"

மதிலுக்கு மேலே கௌரம்மாவின் தலை. பக்கத்து வீடு. காது மூடிய மப்ளர், கையில் பல் துலக்கும் பிரஷ்.

"பூக்காத செடிக்கு இத்தனை குச்சி, இத்தனை கயிறு. பிடுங்கிப் போட்டுட்டு வெண்டை போடு. குழம்புக்காவது ஆகும்."

சிரித்துவிட்டதாகத்தான் நினைத்தான். முகம் அசையவில்லை.

"அப்புறம் அந்த லைட்டு. எங்க ஜன்னல் வழியா நேரா கட்டில் மேல விழுது. விடிய விடிய இவரு மூஞ்சியைப் பாக்க வேண்டியிருக்கு தம்பி. இத்தனை வருஷமா இருட்டுல நிம்மதியா இருந்தேன்."

வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் ஏதோ முனகியது.

"உங்களைத்தான் சொல்றேன். படுங்க!"

குரல் வந்த ஜன்னலையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருமல். டம்ளர் வைக்கும் சத்தம்.

பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

மூடுபனியில் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே அவன் நாற்காலி. நேர் எதிரே கடைசித் தொட்டி.

கட்டிலில் படுப்பதை எப்போதோ விட்டுவிட்டான். இரவு முழுக்க இந்த நாற்காலிதான். ஐப்பசி மழை சாய்வாக அடித்தபோது, நனையாமலிருக்க அதைச் சுவரோரம் இழுத்துப் போட்டான். விளக்குக்குப் பக்கத்தில். அங்கே நிழல் பெரிதாக விழும்.

விடியும்வரை, தினமும், அவன்தான் அந்தத் தொட்டியின் மேல் இருட்டாக விழுந்திருக்கிறான்.

விரல்கள் இன்னும் மொட்டின் இருபுறமும் இருந்தன.

"அது மொட்டா?" கௌரம்மா எக்கிப் பார்த்தாள். "அட! என்ன கலரு?"

"தெரியாதுக்கா. அவ சொல்லல."

ஆடிக்குப் பிறகு அவளைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அவனுக்கே யாரோ சொன்னதுபோல் கேட்டது.

கௌரம்மா பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றாள். மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் விரல்களைப் பின்னுக்கு எடுத்தான்.

மாலையில் பல்பைப் போட்டான்.

மற்ற தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் நெருக்கி வைத்தான். கடைசித் தொட்டியைத் தொடவில்லை.

சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தரையில் விழுந்த தன் நிழலைப் பார்த்தான். செடியின் ஒரு பக்கத்து இலைகளில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் ஒட்டியிருந்தது.

எழுந்து நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டான். மறுபடி உட்கார்ந்து சால்வையை இருபுறமும் விரித்துப் பிடித்தான்.

பனி இறங்கத் தொடங்கியது.

கை வலித்தது. இறக்கவில்லை.