விட்டுப்போன பக்கம்

நோட்டைப் பையிலிருந்து எடுத்தது தேவகி இல்லை. படிக்கத்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாம் இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கான். கான்வென்ட்ல படிச்சவ இந்தக் குப்பத்துல நீ ஒருத்திதான். படிச்சி சொல்லும்மா," என்று நீட்டினார் ஊர்ப் பெரியவர் ஆதிநாராயணன்.

மீன் ஏலக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. தேவகியின் தோளில் மூன்று மாதக் குழந்தை. கணவன் லோகநாதன் எல்லோருக்கும் பின்னால், தூணோடு தூணாக நின்றான்.

நோட்டுக்குச் சொந்தக்காரர் கேசவன். மெட்ராஸில் ஏதோ ஆராய்ச்சி நிலையமாம். அஸ்ஸாம், நாகாலாந்து என்று துப்பாக்கிச் சத்தம் கேட்கிற இடங்களுக்கெல்லாம் போய், சண்டை எதனால் வந்தது, எப்படி நிற்கும் என்று எழுதுகிறவர். ஏரியில் ஆந்திராக்காரர்களோடு எல்லைத் தகராறு முற்றி, அக்கரைப் படகு ஒன்று எரிந்து, இரண்டு கரையிலும் போலீஸ் வந்து உட்கார்ந்த எண்பத்து நாலாம் வருஷம் இங்கே வந்து சேர்ந்தார். மூன்று வாரமாகத் தேவகி வீட்டில்தான் சாப்பாடு. வருகிற வெள்ளிக்கிழமை எளாவூரில் இரண்டு ஊரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்கும் அது விஷயமாகத்தான் அக்கரைக்குப் போயிருந்தார். அவர்மேல் சந்தேகப்பட்டவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் பையைத் திறந்திருந்தார்கள்.

தேவகி புரட்டினாள். குப்பத்தில் படகு எத்தனை, எந்த மாசம் எந்த வலை, மீன் இல்லாமல் போன வருஷம் எது. அவள் சொல்லச் சொல்ல, "இதுக்கா இம்மாம் பெரிய நோட்டு?" என்று முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரி கோவிந்தம்மா சிரித்தாள்.

அடுத்த பக்கத்தில் தேவகி படிப்பதை நிறுத்தினாள்.

பாடு வரிசை. ஏரியில் எந்த இடத்தில் எந்த ராத்திரி யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்களே, அதுதான் பாடு. தன் பாடு இல்லாத இடத்தில் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். கேசவன் நாள் தவறாமல் எழுதியிருந்தார். படகு எரிந்த ராத்திரி, எரிந்த இடத்தில், பாடு லோகநாதனுடையது.

ஊருக்கு அது தெரியாததில்லை. அவன் சட்டையின் மண்ணெண்ணெய் வாடை போக இரண்டு தரம் துவைத்தவளுக்கும் தெரியும். போலீசுக்குத்தான் பாடு வரிசை தெரியாது. அதனால்தான் அவன் இன்னும் வெளியில் இருக்கிறான்.

"இன்னாம்மா, நின்னுட்ட?" என்றார் ஆதிநாராயணன்.

"போலீசுக்கு எழுதற ரிப்போர்ட்டு மாமா," என்றாள் தேவகி. "நம்ம ஆம்பளைங்க பேரெல்லாம் கீது."

போலீஸ் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

அவ்வளவுதான், கொட்டகை கொதித்தது. சாப்பிட்ட வீட்டையே காட்டிக்கொடுக்கிறானே என்றார்கள். தேவகியை நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். நோட்டை ஏரியில் வீசுவதா, கொளுத்துவதா என்று பேச்சு வந்தபோது, தன் அடுப்பிலேயே போட்டுவிடுவதாகச் சொல்லி அவளே வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் கேசவன் படகிலிருந்து இறங்கியபோது அவருக்கு முன்னால் அவர் பை கரைக்கு வந்திருந்தது. அவர் மேல் யாரும் கை வைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விடச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைப் பேச்சும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று ஆதிநாராயணன் முடித்துவிட்டார். கேசவன் நோட்டை மட்டும் கேட்டார்.

"இன்னாத்துக்கு? ஸ்டேஷன்ல குடுத்து மெடல் வாங்கவா?" என்றாள் கோவிந்தம்மா.

கேசவன் கூட்டத்தில் தேவகியைத் தேடினார். "நீயா படிச்சே, தங்கச்சி?"

தலையசைத்தாள்.

"முழுசாவா?"

அதற்கும் தலையசைத்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு லோகநாதனைப் பார்த்தார். புருஷனைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டத்தின் கோபம் அவரை விட்டு அவர்கள் இருவர் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்தார்.

தேவகி அடுப்பைப் பற்றவைத்தாள். பாடு வரிசைதான் முதலில் போயிற்று. பிறகு படகு, வலை எல்லாம் தாள் தாளாகப் போயின. கடைசித் தாளில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. அதைப் பார்த்துத்தான் கை நின்றது. படித்தாள். நம்பாமல் மறுபடியும் படித்தாள்.

குழந்தையை வாரிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். ஆண்கள் இன்னும் கலையவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல், தாளைப் பார்த்தே பேசினாள்.

"மாமா, நான் சொன்னது பொய். அதுல போலீஸ்னு ஒரு வார்த்தை இல்ல. எங்க வூட்டுக்காரர் பேரைப் பாத்ததும் பயந்துட்டேன். மீதியப் படிக்கவே இல்ல. முழுசாப் படிச்சேன்னு அந்த சார்கிட்டயும் பொய் சொன்னேன்."

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான். ஆதிநாராயணன் தாளைக் காட்டி, "படி," என்றார்.

"எரிந்த படகுக்குச் சொந்தக்காரி, அக்கரைச் செல்வம்மாள், வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லப்போவது," என்று தொடங்கினாள் தேவகி. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷைத் தமிழாக்கி மீதியைப் படித்தாள்:

"அன்னிக்கு யாரு பாடுன்னு எங்களுக்கும் தெரியும். போலீஸ்ல மூணு தரம் கேட்டாங்க, நான் சொல்லல. கேஸ் வேணாம், வாபஸ் வாங்கிக்கறேன். படகு இன்னொண்ணு கட்டிக்கலாம். அவன் வூட்ல பச்ச உடம்புக்காரி ஒருத்தி கீறா."