எழுத்து வராத படம்

படம் ஆரம்பித்து ஐந்து நிமிடமாகியும் திரையின் அடியில் எழுத்து வரவில்லை.

சினிமா சங்கத்துச் செயலாளர் ரிமோட்டை அமுக்கினார், உள்ளங்கையில் தட்டினார், கடைசியில் நூலகரின் கையில் மைக்கைத் திணித்தார்.

"சார், உங்களுக்குத்தான் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடாச்சே. அப்படியே தமிழ்ல சொல்லிடுங்க."

நூலகருக்குப் பிரெஞ்சில் தெரிந்தது மூன்றே வார்த்தை: வணக்கம், நன்றி, மன்னிக்கவும். வேலைக்கு விண்ணப்பித்தபோது 'சரளமாகப் பேசுவேன்' என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு வருடமாக யாரும் பேசிக் காட்டச் சொல்லவில்லை.

நூலகத்து மாடியில் கூடியிருந்த அறுபது பேரில் அந்த உண்மை தெரிந்தது ஒருத்திக்குத்தான். மூன்றாவது வரிசை ஓரத்தில், மடியில் பயணப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி.

"நான் பேசறது எதுவும் உங்க காதுல விழறதில்ல. சாயங்காலம் ஆறரை பஸ்ல அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல" என்று காலையில் சொன்னாள். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார்.

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். தன் சாவியைப் போன மாதமே தொலைத்த மகானுபாவர் இவர்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு வருட மானம் மாடிப்படியில் உருண்டுவிடும்.

திரையில் பாடகி. கிராப்புத் தலை, ஆண்பிள்ளைக் கோட்டு. ரெக்கார்டு கம்பெனி முதலாளி நீட்டிய ஒப்பந்தத்தைக் கிழித்து, அவன் காபியிலேயே போட்டாள். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு வீட்டுக்குப் போனாள். நாற்காலியில் சாய்ந்திருந்த கணவன் முன்னால் நின்று, மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள்.

அறுபது தலையும் நூலகர் பக்கம் திரும்பின.

மைக்கை வாயருகே தூக்கினார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"இந்தச் சுவத்துகிட்ட பேசியிருந்தாக்கூட இந்நேரம் அது ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாடகி நிறுத்துவதாக இல்லை.

"எனக்குக் காய்ச்சல் அடிச்சப்போ நீங்க கேட்டது மாத்திரை போட்டியான்னு இல்ல. நீலச் சட்டை எங்கன்னுதான்."

ஒரு பெண் கை தட்டினாள். மூன்றாவது வரிசையைப் பார்க்க நூலகருக்குத் தைரியம் வரவில்லை.

"வீட்டு வேலை செய்யறப்போ எப்பவும் பாடிக்கிட்டே இருப்பேன். இப்ப பாடறதில்ல. எப்ப நிறுத்தினேன்னு சொல்லுங்க பாப்போம்."

பாட்டே தொழிலான பாடகி பாடுவதை எப்படி நிறுத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது கணவன் வாயைத் திறந்தான். பாவி, இரண்டு நிமிடம் பேசினான். கையை விரித்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"தெரியல" என்றார் நூலகர். மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்து, "கேட்டிருக்கணும்."

"அவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?" என்றது ஒரு குரல்.

"பிரெஞ்சு அப்படித்தாங்க. நீளமான மொழி" என்றார் செயலாளர்.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது, செயலாளர் நூலகரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். எதிரே பையோடு அவள் நின்றாள். விரலிடுக்கில் சாவி.

நூலகர் கையை நீட்டினார்.

"ஒரு இடத்துல தப்பா சொல்லிட்டார்" என்றாள், செயலாளரிடம்.

"அட, உங்களுக்கும் பிரெஞ்சு வருமா மேடம்?"

"அது வெறும் காய்ச்சல் இல்ல. டைபாய்டு. பதினோரு நாள்."

செயலாளர் பயபக்தியோடு அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடிகாரம் ஏழரையைத் தாண்டியிருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் சாவியைத் தன் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பையை அந்தக் கையில் மாட்டிவிட்டாள்.