இன்னொரு இறக்கை

ஜன்னலோர மேசையில் சிறுமி டிராகன் கதையின் கடைசிப் பாகத்தில் மூழ்கியிருக்கிறாள். கவுன்டருக்குப் பின்னால் நூலகர் அவளுக்காக அந்தக் கதையில் வரும் குட்டி டிராகனைக் கம்பளி நூலில் பின்னிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஓர் இறக்கைதான் பாக்கி. அந்தக் குட்டி சாகிற பக்கத்தைப் படித்துவிட்டுப் போன வாரம் அவரே அலமாரிகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்தினார். சுவரிலோ, 'முடிவைச் சொல்பவர் வாய்க்குப் பூட்டு' என்று அவரே வண்ணத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் வெயிலில் மினுங்குகின்றன. "அக்கா, குட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" "படிம்மா" என்கிறார், தலையைத் தூக்காமல். சிறுமியின் வலது கட்டைவிரலுக்கு அடியில் புத்தகம் மெலிந்துகொண்டே போகிறது. பக்கம் திரும்புகிற சத்தத்தில் ஊசி ஒரு பின்னலைத் தவறவிடுகிறது. அடுத்த பக்கம் திரும்பவே இல்லை. அவள் நிமிர்ந்து, நூலகர் கையில் இருக்கும் பொம்மையைப் பார்க்கிறாள். "தெரிஞ்சுதான் இதைப் பின்னுறீங்களா அக்கா?"